கவீயா கூடைகள்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது யாருடைய கூடை?

கூடை என்றால் நமக்கு முடைவதுதான். ஓலைப் பெட்டியோ பிரம்புக் கூடையோ, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவின் கவீயா பழங்குடிகளுடைய கூடையில் குறுக்கும் இல்லை, நெடுக்கும் இல்லை. புல் தண்டுகளைக் கற்றையாகச் சேர்த்து, முறுக்கு சுற்றுவதுபோல நடுப்புள்ளியிலிருந்து சுற்றிக்கொண்டே போயிருப்பார்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு நாரால் தைக்கப்பட்டிருக்கும். முடைந்தது என்பதைவிடத் தைத்தது என்பதே பொருத்தம். இதற்கென்று ஒரு பெயர் நம் பேச்சில் இல்லாததால் சுருள் கூடை என்று வைத்துக்கொள்வோம்.

இனத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியர்கள் எழுதிவைத்த எழுத்துக்கூட்டைப் பார்த்தால் ‘கஹுயில்லா’ என்று வாசிக்கத் தோன்றும். வாயால் சொல்லும்போது கவீயா. பணக்காரர்களின் குளிர்கால நகரமான பாம் ஸ்பிரிங்ஸ், இசை விழாவால் உலகத்துக்குத் தெரிந்துபோன கோச்செல்லா பள்ளத்தாக்கு, இவையெல்லாம் அவர்கள் மண். இன்று ஒன்பது ரிசர்வேஷன்களில், அதாவது அரசு அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலங்களில், தனித்தனி நிர்வாகங்களாக இருக்கிறார்கள்.

இந்தக் கூடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகில் தொடங்கி அழகிலேயே முடித்துவிடுவது வழக்கம். அழகுக்குக் குறைச்சல் இல்லைதான். எனக்கு உறுத்துவது வேறு. அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பெண்கள் வீட்டில் வைத்துப் புழங்கிய கூடைகள் இல்லை; வீட்டைவிட்டு வெளியே போன கூடைகள். புழங்கியவை என்ன ஆயின என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் அவை எதனால் ஆனவை என்று பார்த்துவிடலாம்.

கோச்செல்லா பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் சால்டன் உப்பேரி. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் சுமார் 70 மீட்டர் கீழே. அங்கிருந்து நிமிர்ந்தால் வடமேற்கே 3,302 மீட்டர் உயரத்தில் சான் ஹசிந்தோ சிகரம், குளிர்காலத்தில் பனி மூடி நிற்கும். சில பத்துக் கிலோமீட்டருக்குள் உப்புத் தரை, பாலைவனம், பனைச் சோலை, கருவாலி (ஓக்) மரக்காடு, பைன் காடு எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரு நல்ல கூடைக்கு வேண்டிய பொருள்கள் இந்த உயரங்களில் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே, எந்த மாதத்தில், எந்தப் பதத்தில் கிடைக்கும் என்று தெரிந்திருப்பதுதான் தொழிலில் பாதி.

சுருளுக்குள் இருப்பது மான்புல்லின் பூந்தண்டு. மலை ஓடையோரங்களில் பெரிய பெரிய தூர்களாக வளரும் புல் இது. கோடையில் இடுப்புயரத்துக்கும் மேலே நேராக, கணு இல்லாமல் தண்டு விடும். கூடை முடிந்ததும் இது கண்ணில் படாது, உள்ளேயே மறைந்துவிடும். ஆனால் கூடையின் உடம்பு இதுதான். கலிஃபோர்னியப் பழங்குடிக் கூடைகளில் தண்டுகளை எண்ணிக் கணக்கிட்டவர்கள், நடுத்தரமான ஒரு சமையல் கூடைக்கு ஏறத்தாழ 3,750 தண்டுகள் வேண்டும், அதற்குக் குறைந்தது 75 தூர்கள் தேவைப்படும் என்கிறார்கள். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

தைக்கும் நார் இரண்டு வகை. வெண்மைக்கு சூமாக் என்ற புதரின் கிளை. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. பட்டையை உரித்துக் கிளையைக் கீறினால் பாலாடை நிறத்தில் நார் கிடைக்கும். இன்னொன்று ஜங்க்கஸ். பார்க்க நம் கோரை மாதிரியே இருக்கும், குடும்பம் வேறு. தெற்குக் கலிஃபோர்னியக் கூடைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டிக்கொடுப்பது இந்த ஜங்க்கஸ்தான். காரணம் அதன் நிறம். மண்ணுக்குள் புதைந்திருந்த அடித்தண்டு செம்பழுப்பு. மேலே வர வர அது வெளுத்துத் தேன் நிறமாகி, காய்ந்த பச்சையாகி, நுனியில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே நாரை அடியிலிருந்து நுனிவரை தைத்துக்கொண்டு போனால் நான்கைந்து நிறங்கள் தாமாகவே வந்து விழும். சாயம் கிடையாது. கூடையின் பின்புலம் வெயில் பட்ட மணல்போலத் திட்டுத் திட்டாக மின்னுவது இதனால்தான். படத்தில் பார்க்கிறவர்கள் பழசானதால் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வதுண்டு. செய்த அன்றைக்கே அது அப்படித்தான்.

கறுப்புக்கு மட்டும் சாயம் வேண்டும். உப்புத் தரையில் வளரும் ஒரு செடியில் நாரை நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அந்தச் செடி நமக்கு அந்நியமில்லை, நம் கடற்கரை உப்பளங்களின் ஓரத்தில் வளர்கிற உமரியின் பேரினத்தைச் சேர்ந்தது. ஆக, மலையோடைப் புல்லைச் சுற்றி, உப்புத் தரைச் செடியில் ஊறிய நார் ஓடுகிறது. ஒரே கூடைக்குள் பள்ளத்தாக்கின் மேலும் கீழும் வந்துவிட்டன.

வேலையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஜங்க்கஸ் தண்டை முதலில் மூன்றாகப் பிளக்க வேண்டும். நுனியில் நகத்தால் கீறி மூன்று நாக்குகளாக்கி, ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்; மற்ற இரண்டும் இரண்டு கைகளில். மூன்று பக்கமும் ஒரே இழுப்பாக இழுத்தால்தான் நேராகப் பிளக்கும். ஒரு கை கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் ஒரு நார் மெலிந்து பாதியில் அறுந்துபோகும். பிளந்ததும் உள்ளே இருக்கும் பஞ்சைச் சுரண்டி எடுத்து, அகலத்தைச் சீராக்க வேண்டும். ஐரோப்பியரோடு தகர டப்பா வந்த பிறகு ஒரு சுலப வழி கிடைத்தது. டப்பா மூடியில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக ஓட்டைகள் குத்தி, நாரை ஒவ்வொன்றாக நுழைத்து இழுத்தால் பிசிறெல்லாம் சீவப்பட்டு ஒரே தடிமனுக்கு வந்துவிடும். ஒன்றரை நூற்றாண்டாகியும் இதைவிட நல்ல கருவி யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்கும் பல தையல்காரப் பெண்களின் பையில் ஒரு தகர மூடி இருக்கும்.

நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சின்ன முடிச்சில் ஆரம்பம். காதில்லாத குத்தூசிதான் கருவி. முன்பு மான் எலும்பில் செய்தது, பிறகு மரப்பிடி போட்ட இரும்பு. அதால் முந்தைய சுற்றில் ஒரு துளை, அதற்குள் நார், ஓர் இழுப்பு. அடுத்த துளை. புல் கற்றை மெலியும் இடத்தில் இரண்டு மூன்று புதுத் தண்டுகளை நடுவில் செருகித் தடிமனைக் காப்பாற்றுவார்கள். புதுச் சுற்றைப் பழைய சுற்றின் பக்கத்தில் வைத்தால் தட்டு அகலும். அதன் தலைமேல் வைத்தால் சுவர் எழும்பும். அச்சு, சட்டம் எதுவும் கிடையாது. கூடையின் வடிவம் முழுக்கக் கையின் சாய்வில் இருக்கிறது.

உண்மையில் கடினமானது கணக்கு. வட்டம் விரிய விரிய ஒவ்வொரு சுற்றிலும் தையல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். விளிம்பில் எட்டு முனை நட்சத்திரம் இடைவெளி பிசகாமல் வந்து உட்கார வேண்டுமென்றால், உள்ளங்கை அகலம்கூட ஆகாத கட்டத்திலேயே அதற்கான பங்கைப் பிரித்தாக வேண்டும். வரைபடம் இல்லாமல் மனக்கணக்கில் செய்தார்கள். தப்பினால் பிரிக்க வேண்டியதுதான், தப்பிய இடம்வரைக்கும். பழைய கூடைகள் சிலவற்றில் கடைசி முக்கோணம் மட்டும் ஒல்லியாக நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள் அன்றைக்கு என்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்று யோசிப்பேன்.

இவற்றின் வேலை என்ன? முறம்போலப் புடைக்கவும், தணலோடு விதைகளைச் சேர்த்துக் குலுக்கி வறுக்கவும் ஆழமில்லாத தட்டு ஒன்று உண்டு, பெயர் சிபட்மல். உருண்டைச் சிறு கூடை கைச்சாமான்களுக்கு. அடியில்லாத கூடை ஒன்றைக் கல் உரலின் வாயில் நிலக்கீல் வைத்து ஒட்டிவிடுவார்கள், இடிக்கும்போது கருவாலிக் கொட்டை சிதறாமல் இருக்க. அந்தக் கொட்டையை மாவாக்கித் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பைப் போக்கிக் காய்ச்சும் கூழ் வீவிஷ். பெண்கள் தலையில் கூடைத் தொப்பி போடுவார்கள். முதுகுச் சுமையின் பட்டை நெற்றியில் பதிந்து அறுக்காமலிருக்க அது ஒருவகைச் சும்மாடு. கலிஃபோர்னியப் பழங்குடிகள் என்றதும், கூடையில் தண்ணீர் ஊற்றிச் சுட்ட கல்லைப் போட்டுச் சமைத்தார்கள் என்ற செய்தி எல்லா இடத்திலும் வரும். பல இனங்களுக்கு அது உண்மை. கவீயாக்களுக்கு மண்பானை செய்யத் தெரியும், அடுப்பில் ஏறியது பானைதான். இந்த வித்தியாசத்தைப் பல பொதுக் கட்டுரைகள் கோட்டைவிட்டுவிடுகின்றன.

இப்போது அந்தப் புழங்கிய கூடைகளுக்கு வருவோம். அவற்றை எரித்தார்கள்.

ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளை எரித்துவிடுவது கவீயா வழக்கம். துணிமணி, கூடை எல்லாம் அதில் போகும். காரணத்தை அவர்களுடைய படைப்புக் கதையே சொல்கிறது. படைப்புக் கடவுளின் பெயர் முகத். அவனை அவனுடைய படைப்புகளே சூனியம் வைத்துக் கொன்றுவிடுகின்றன. அவன் உடலை எரிக்கும்போது ஓநாய்போன்ற கயோட்டி பாய்ந்து வந்து இதயத்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. பிறகு எரித்த இடத்தில் செடிகள் முளைக்கின்றன. இதயத்திலிருந்து புகையிலை, வயிற்றிலிருந்து பூசணி, பல்லிலிருந்து சோளம். சாவுக்குப் பின் தீ, தீக்குப் பின் பயிர். முகத் என்ற அந்தக் கடவுளுக்குச் செய்ததைத்தான் மனிதர்களுக்கும் செய்தார்கள். இறந்தவர்களை நினைத்து நடக்கும் நூக்கில் சடங்கில் அவர்களுடைய உருவங்களைச் செய்து, உடுத்தி, பாடி, கடைசியில் எரிப்பார்கள். இது என்றோ முடிந்துபோன சங்கதி என்று எண்ண வேண்டாம். பாம் ஸ்பிரிங்ஸில் அகுவா கலியெந்தே கவீயாக்களின் கடைசிச் சடங்குத் தலைவர் ஆல்பர்ட் பட்டென்சியோ 1951-இல் இறந்தபோது, சடங்கு வீட்டையே உள்ளிருந்தவற்றோடு எரித்தார்கள்.

ஒரு பெண் தனக்கென்று, தன் மாவுக்கும் தன் தலைக்கும் என்று செய்த கூடை அவளோடு போய்விட வேண்டியது. மிஞ்சியவை கைமாறியவை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வைத்து அவர்களுடைய கூடைக்கலை இப்படித்தான் இருந்தது என்று முடிவுகட்டுவது, ஒரு வீட்டுச் சமையலை அவர்கள் கடைக்குப் போட்டுக்கொடுத்த பலகாரத்தை வைத்து எடைபோடுகிற மாதிரி.

கைமாறியது எப்படி? 1863-இல் பெரியம்மை கவீயா ஊர்களைச் சூறையாடியது. 1870-களில் ரயில் வந்தது. பாம் ஸ்பிரிங்ஸ் பகுதியில் அரசாங்கம் நிலத்தைச் சதுரங்கக் கட்டம்போலப் பிரித்து, ஒற்றைப்படைக் கட்டங்களை ரயில் கம்பெனிக்கும் இரட்டைப்படைக் கட்டங்களில் பலவற்றைக் கவீயாக்களுக்கும் கொடுத்தது. தொன்மையான ஓர் ஊரை இப்படியும் பிரிக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ. நிலமும் வேட்டையும் சுருங்கிய நேரத்தில், ரயிலில் வந்திறங்கிய பயணிகளுக்கும் கிழக்கிலிருந்து வந்த செல்வந்தர்களுக்கும் கூடைப் பைத்தியம் பிடித்தது. 1890-லிருந்து ஏறத்தாழ 1930 வரை அது நீடித்தது. தேவை மாறியதும் கூடையும் மாறியது. வரவேற்பறையில் வைக்க உயரமான கூடைகள், மூடிபோட்ட தையல் பெட்டிகள், ஆங்கில எழுத்துகள். விளிம்பைச் சுற்றிச் சுருண்டு வரும் கிலுகிலுப்பைப் பாம்புக் கோலம் சந்தையில் சக்கைப்போடு போட்டது. கழுகு, மின்னல், சூறைக்காற்று என்று ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு ‘அர்த்தம்’ வேண்டுமென்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். அர்த்தத்தோடு விற்றால் கூடுதல் விலை. ஆகவே பழைய விற்பனைச் சீட்டில் எழுதியிருக்கும் விளக்கங்களை நான் அரைக்கண்ணால்தான் படிப்பேன்.

மாறியது என்பதால் தரம் தாழ்ந்தது என்று பொருளில்லை. டொலோரெஸ் பட்டென்சியோ, குவாடலூப்பே அரெனாஸ் போன்றவர்களின் வேலை இந்தக் காலத்தது. பேர் தெரிந்தவர்கள் இவர்களைப்போல ஒரு சிலரே. பெரும்பாலான கூடைகளில் செய்தவர் பெயருக்குப் பதில் வாங்கியவர் பெயர்தான் இருக்கும், கூடவே ‘மிஷன் கூடை’ என்ற ஒரு பொத்தாம்பொதுவான சீட்டு. கவீயாக்களில் பெரும்பகுதியினர் ஸ்பானியப் பாதிரிமார்களின் மிஷன்களுக்குள் வாழ்ந்ததே இல்லை. ஆனாலும் அரசுத் தாள்களில் தெற்குக் கலிஃபோர்னியப் பழங்குடிகள் எல்லோரும் ‘மிஷன் இந்தியர்’ ஆனதால் கூடைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் சூதாட்ட விடுதி வழக்கில் வென்ற கபசோன் என்ற கவீயா குழுவே ‘மிஷன் இந்தியர்’ என்ற பெயரில்தான் வென்றது. அண்மையில்தான் அதைக் ‘கவீயா இந்தியர்’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஒருவரை மட்டும் ஊர் முழுக்கப் பெயர் சொல்லித் தேடிவந்தது. அதுவும் கூடைக்காக இல்லை. ரமோனா லூபோவின் கணவர் ஹுவான் தியேகோவை 1883-இல் சாம் டெம்பிள் என்ற வெள்ளைக்காரன், குதிரையைத் திருடிவிட்டான் என்று வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். தற்காப்புக்குச் சுட்டேன் என்றான், விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு ஹெலன் ஹண்ட் ஜாக்சன் ‘ரமோனா’ நாவலை வெளியிட்டார். நாவலில் இதைப்போன்ற ஒரு கொலை வருகிறது, கதாநாயகி பெயரும் ரமோனா. போதாதா? ‘நிஜ ரமோனா’வைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அவரும் கூடை விற்றார், படமெடுக்கக் காசு வாங்கினார். 1922-இல் இறக்கும்வரை இப்படியே. அவருடைய கூடையை வாங்கிப்போனவர்களில் எத்தனை பேர் தையலைப் பார்த்திருப்பார்கள்? கணவன் செத்ததைக் கண்ணால் கண்டவரின் கைப்பட்ட பொருள் என்பதுதானே அதன் மதிப்பு.

இனி அந்த 3,750 தண்டுகள். அவ்வளவு நேரான, இளசான தண்டுகள் தாமாக வளர்வதில்லை. மான்புல் தூருக்குள் வருடக்கணக்கில் காய்ந்த தாள் சேர்ந்துவிட்டால் பூந்தண்டு குறையும். சில வருடங்களுக்கு ஒருமுறை தீ வைத்தால் பழையது போய் அடுத்த கோடையில் புதுத் தண்டுகள் அடர்த்தியாக வரும். சூமாக்கும் அப்படியே, வெட்டியோ எரித்தோ விட்டால்தான் கிளைகள் கோணாமல் நீளும். பனைச் சோலைகளில்கூடப் பூச்சியைக் கொல்லவும் அடியைச் சுத்தமாக்கவும் தீயிட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் இயற்கையின் கொடை என்று பார்த்த புல்வெளி, தலைமுறைகளாகப் பராமரித்த தோட்டம். 1850 ஏப்ரலில், மாநிலமாக அங்கீகாரம் கிடைப்பதற்கும் முன்பே, கலிஃபோர்னியா சட்டமன்றம் ‘இந்தியர்களின் ஆளுகை, பாதுகாப்பு’ என்ற பெயரில் ஒரு சட்டம் போட்டது. வேலையில்லாமல் திரிகிறான் என்று சொல்லி ஒரு பழங்குடியைப் பிடித்து, அதிக விலை கேட்டவருக்கு நான்கு மாதம்வரை வேலைக்கு ஏலம் விட வழிசெய்த சட்டம் அது. புல்வெளிக்குத் தீ வைப்பவருக்குத் தண்டனை என்று அதிலேயே ஒரு பிரிவு இருந்தது. பின்னாளில் வனத்துறை எந்தத் தீயும் கூடாது என்று நின்றது. கூடைத் தொழில் நலிந்ததற்கு இளைய தலைமுறைக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். எந்தப் புல்லை வைத்துக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அறிவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. மொரோங்கோ ரிசர்வேஷனில் 1960-களின் நடுவில் மால்கி அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் ஒருவரான காதரின் சிவா சாவ்பெல், மானுடவியலாளர் லோவெல் பீனோடு சேர்ந்து கவீயா தாவர அறிவைத் தொகுத்த ‘தெமல்பாக்’ நூல் 1972-இல் வந்தது. கூடைச் செடிகளை அவற்றின் கவீயா பெயரிலேயே தேட இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். மாநிலம் முழுவதற்குமான பழங்குடிக் கூடைக்காரர்களின் சங்கம் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. தீ வைக்கும் உரிமையில் பழங்குடிகளுக்குச் சற்று வழிவிடும் சட்டம் 2024-இல்தான் கலிஃபோர்னியாவில் நிறைவேறியது. பாம் ஸ்பிரிங்ஸ் நடுவில் 2023-இல் திறந்த அகுவா கலியெந்தே பண்பாட்டு அருங்காட்சியகத்தின் வடிவமைப்பே கூடைப் பின்னலை ஒட்டியது.

மான்புல்லுக்கு வந்த வாழ்வு வேடிக்கையானது. தண்ணீர் அதிகம் கேட்காத செடி என்பதால் இன்று கலிஃபோர்னியாவின் சாலைத் திட்டுகளிலும் வணிக வளாக வண்டி நிறுத்தங்களிலும் அதை அழகுக்கு நட்டுவைத்திருக்கிறார்கள். தோட்டத்து நர்சரியில் பெயர்ச்சீட்டோடு கிடைக்கிறது. ஆனால் களைக்கொல்லி அடிக்காத இடம் எது என்பதை யாரிடம் கேட்பது? கூடைக்காரர்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் புகார் இதுதான். மற்றவர்களுக்குச் சாலையோரச் செடி. இவர்களுக்கோ கூடைச் செடி என்பது வாயில் வைக்கும் பொருளும்கூட. பல்லில் கடித்துப் பிளக்காமல் ஜங்க்கஸ் நார் கிடையாது.

அதே கவலை மறுபக்கத்திலும் உண்டு. 1990-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, சடங்குப் பொருள்களையும் முன்னோரின் எலும்புகளையும் அருங்காட்சியகங்கள் பழங்குடிகளுக்குத் திருப்பித் தர வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பல அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்புகளுக்கு ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பூசின. ஆகவே ஒரு கூடை வீடு திரும்பினால் முதலில் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. நஞ்சு இருக்கிறதென்றால் கையுறை போட்டுத்தான் தொடலாம். தலையில் வைக்க முடியாது, மாவு புடைக்க முடியாது. பழைய வழக்கப்படி எரிக்கலாம் என்றாலும் அந்தப் புகை ஆகாது.